நாகேஸ் நின்ற இடங்கள்

செய்தி வந்தபோது நான் ஒரு நோயாளியின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. எடுக்கவில்லை. நோயாளி நடக்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் பிசியோ நிலையத்தில் நாகேஸ் போட்ட சட்டம். அவள் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. துடித்தது, அடங்கியது, மறுபடியும் துடித்தது. இன்சூரன்ஸ் விற்கிறவன் எவனோ என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். அந்த நோயாளி அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பார்த்தால், எல்லா அழைப்பும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து. நாகேஸின் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொஹானா. திரும்பக் கூப்பிட்டேன். மக்சிக் எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. "நாகேஸ் சுடா தாடா, செல்வி" என்றார். நாகேஸ் இனி இல்லை. மலாயில் கேட்டதாலோ என்னவோ, ஒரு கணம் அது வேறு யாரைப் பற்றிய செய்தியோ என்று இருந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பது யாழ்ப்பாணக் குடும்பங்களில் வழக்கம். நாகேஸின் அண்ணன் குகநாதன் என்னைக் கூப்பிட்டு, "நீதாம்மா எழுதணும். நாங்க எழுதினா அவ பெறந்த தேதி, படிச்ச ஸ்கூலு, அதோட முடிஞ்சிரும்" என்றார். சரியென்று உட்கார்ந்து முதல் வரியில் 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு சங்கத் தலைவியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அவள்தான். அவளைவிட நான் கொஞ்சம் இளையவள். மரியாதை தெரியாதவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நாகேஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் இருவருடைய அப்பாக்களும் வடக்கு சிலாங்கூர்த் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். அவள் அப்பா ஆபீஸில் கிராணி, அதாவது கணக்கர். என் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டைக்குக் குறைவே இல்லை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். நாகேஸ் எதையாவது அதிகாரமாகச் சொன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு, "உங்கப்பா பேர் கூப்பிட்டாரு, எங்கப்பா பெரட்டுல நின்னாரு. இப்ப நானும் உன் முன்னால வந்து நிக்கணுமா?" என்பேன். அவள் அசரமாட்டாள். "ஓம், நில்லு. கூன் போடாம நில்லு. பிசியோ மாதிரியா நிக்கிற?" என்பாள்.

உங்களில் பலர் அவளை உறவாகவோ கோயிலிலோ அறிந்தவர்கள். அவள் வேலை என்னவென்று சரியாகத் தெரிந்திருக்காது. "கை கால் பிடிச்சுவிடுற வேல" என்று யாரோ சொல்லப்போய் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம், பார்கின்சன் போன்ற நரம்பு நோய் வந்தவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று அளக்க இரண்டு வழி உண்டு. அறைக்குள்ளேயே பத்து மீட்டர் நடக்கவைத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது ஒன்று. ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. குட்டை நடை, நெட்டை நடை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். எங்கள் நிலையம் கோல சிலாங்கூர் டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். அறைக்குள் குட்டை நடைக்குத்தான் இடம் காணும். நெட்டை நடைக்கு வெளியே வரவேண்டும். கடைகளின் முன்னால் மழை வெயில் படாமல் நீளமாக ஓடுகிற காக்கி லீமா நடைபாதைதான் எங்கள் மைதானம். பூட்டு ரிப்பேர் செய்யும் சீனர், ஜவுளிக்கடை, சாப்பாட்டுக் கடை, கைப்பேசிக் கடை. அந்த வரிசையில் போய்த் திரும்பவேண்டும். நோயாளி முன்னால், நாங்கள் அரை அடி பின்னால்.

எப்போதும் பின்னால்தான். பக்கத்தில் நடந்தால் நாகேஸுக்குக் கோபம் வந்துவிடும். "பக்கத்துல போனா அவங்க உன் நடய நடப்பாங்க. பின்னால போ. அவங்க நட எதுன்னு அப்பத்தான் தெரியும்" என்பாள். கோபம் முற்றினால் அவள் வாயில் யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழ் வந்துவிடும். "உனக்கென்ன விசரா?" என்று, அதாவது பைத்தியமா என்று, அவள் கத்தியதைக் கேட்டுவிட்டுப் பூட்டுக்கடைச் சீனர் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "விசர், விசர்" என்று வணக்கம் சொல்வார்.

எனக்குக் குட்டை நடை பிடிக்கும். காலையில் கதவைத் திறந்தால் பெஞ்சு நிறைய ஆட்கள். ஆளுக்கு ஆறு நிமிடம், அதற்கு முன்னால் ஓய்வு, பின்னால் ஓய்வு என்று போனால் சாயங்காலம் வரை முடியாது. தஞ்சோங் காராங்கிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் பாதிப் பேர் பார்க்காமலே திரும்பிப் போகவேண்டியதுதான். தவிர, பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்லும். உள்ளே மெதுவாக நடப்பவர் வெளியேயும் மெதுவாகத்தான் நடப்பார். பிறகு எதற்கு இழுவை? இதை நான் சொல்லும்போதெல்லாம் நாகேஸ் தலையாட்டிக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சொல்வாள். "ரெண்டும் ஒத்துப்போறவங்களுக்கு நீயும் வேணாம், நானும் வேணாம். ஒத்துப்போகாத ஆளு ஒருத்தரு வருவாரு பாரு, அவருக்குத்தான் நம்ம ரெண்டு பேரும் சம்பளம் வாங்குறோம்."

அவளுக்குக் குட்டை நடைமேல் ஒரு சந்தேகம் உண்டு. அறைக்குள் மருமகள் பார்த்துக்கொண்டு நிற்பாள், மகன் வீடியோ எடுப்பான், நாங்கள் கையில் கடிகாரத்தோடு நிற்போம். நம் ஆட்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பெரட்டுக்கு வந்து நிற்பதுபோல் நிமிர்ந்து, அந்தப் பத்து மீட்டரையும் ஒரே மூச்சில் நடந்து காட்டிவிடுவார்கள். "பத்து மீட்டர் எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க, செல்வி. கல்யாண மண்டபத்து வாசல்ல எல்லாரும் சிரிச்ச மொகமாத்தான் நிப்பாங்க. வீட்டுக்குப் போனப்புறம் என்ன செய்யுறாங்க, அதப் பாரு" என்பாள்.

எங்களுக்குள் பெரிய சண்டை கடிகாரத்தைப் பற்றியது. நெட்டை நடையில் ஒரு விதி உண்டு. நோயாளி நடுவில் நின்றாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் நம் ஆட்களைக் காக்கி லீமாவில் நடக்கவிட்டால் சும்மா நடந்துவிட்டு வருவார்களா? எதிரில் தெரிந்த முகம் வந்தால் நிற்பார்கள். "எப்பக் கல்யாணம்? பொண்ணு எந்த ஊரு?" என்று விசாரிப்பார்கள். ஜவுளிக்கடைப் பெண்ணிடம், "சாப்டியாம்மா?" என்பார்கள். கேட்காமல் போனால் அது நடையா? திமிர் அல்லவா? நான் கடிகாரத்தை நிறுத்திவிடுவேன். பேசி முடித்ததும் மறுபடி ஓடவிடுவேன். இதை நாகேஸ் ஒருநாள் பார்த்துவிட்டாள். அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏன் நிறுத்துற?"

"மரியாதைக்கு நின்னா மார்க்கு கொறைக்கலாமா? வெள்ளக்காரன் எழுதி வச்ச சட்டம்லா இது. அவன் ஊர்ல ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்கமாட்டான். நம்மாளு நின்னு பேசத்தான் செய்வான்."

"மரியாதைன்னு யாரு சொன்னா ஒனக்கு?"

"பின்ன என்ன?"

அவள் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். சொல்லாமல் விட்டால் நாகேஸ் எதையோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அடுத்து வந்தவர்தான் முனியாண்டி அண்ணன். பக்கவாதம் வந்து தேறியவர். ஒரு செம்பனை ஆலையில் ஜாகா, காவல்காரர். ஆலையைச் சுற்றிச் சுற்றி வருகிற வேலை. "நடக்கிறார்" என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அறைக்குள் நடந்தார் பாருங்கள், பட்டாளத்துக்காரர் தோற்றார். நான் எழுதத் தயார். நாகேஸ் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். முதல் சுற்று ஜோராகப் போனது. இரண்டாவது சுற்றில் பூட்டுக்கடை எதிரில் நின்று சீனரிடம், "சுடா மாக்கான்?" என்று கேட்டார், சாப்பிட்டாயா என்று. சீனரும் சாப்பிட்டேன் என்றார். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே கேள்வி. அதற்கடுத்த சுற்றிலும். சீனர் என்னைப் பார்த்தார். இந்த ஆளுக்கு என்னதான் வேண்டும் என்ற பார்வை.

நடந்து முடித்து உட்கார்ந்ததும் நாகேஸ் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அந்தப் பூட்டுக்கடைக்காரர ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்பறம் ஏன்ணே ஒவ்வொரு தடவையும் சாப்டியான்னு கேட்டீங்க?"

முனியாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கால் கேக்கலம்மா" என்றார்.

எத்தனை பேருக்கு நான் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போது யோசிக்கக்கூடப் பயமாக இருந்தது. நாகேஸ் என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. அவரிடம்தான் பேசினாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கால் கேட்காத இடம் தெரிந்துவிட்டது, இனி வழி பார்க்கலாம் என்றாள். ஆலை மேனேஜரிடம் அவளே போனில் பேசினாள். சுற்றி வருகிற வேலைக்குப் பதிலாக வாசல் கூண்டில் உட்கார்ந்து லோரிகளைப் பதிகிற வேலை முனியாண்டி அண்ணனுக்குக் கிடைத்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு தூரம் போனாங்கன்னு மட்டும் எழுதாத. எங்க நின்னாங்கன்னு எழுது" என்றாள். அன்றிலிருந்து எழுதுகிறேன்.

ஆனால் கடிகாரச் சண்டையில் நான் முழுதாகத் தோற்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். ராசா என்கிற ஊரிலிருந்து ஓர் அம்மாவைத் தூக்காத குறையாக அழைத்து வந்தார்கள். நாகேஸ் வழக்கம்போல் காக்கி லீமாவைப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "இவங்களுக்கு எந்திரிச்சு நிக்கிறதே பெருசு. இவங்கள ஆறு நிமிஷம் நடக்கவிட்டா அதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல, தண்டனை" என்றேன். அவள் என்னை முறைத்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். "சரி, குட்ட நடை" என்றாள். அந்த அம்மா அறையின் பாதியைக் கடந்தபோது கைதட்டியதும் நாகேஸ்தான். விதிப்படி கைதட்டக்கூடாது.

அவளுடைய நோயை முதலில் பார்த்தது நான்தான். நோயாளிக்குப் பின்னால் அவள் நடக்க, எதற்கோ அவளுக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருந்தேன். அவளுடைய இடது கை வீசிக்கொண்டிருந்தது. வலது கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பிசியோவாக இருக்கிறவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் போகாது. அறைக்குள் வந்ததும், "நாகேஸ், ஒன் வலது கை ஆடல" என்றேன். "தெரியும். வாய மூடு" என்றாள். பிறகு இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று.

பார்கின்சன். சில வருடங்கள் மாத்திரையோடு வேலைக்கு வந்தாள், பிறகு முடியவில்லை. புக்கிட் பெலிம்பிங்கில் அவள் அப்பா வேலை ஓய்ந்ததும் வாங்கிய வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "வீட்ல எனக்கே எடம் பத்தல" என்பாள். ஒருநாள் அந்தத் தெருவில் விழுந்துவிட்டாள். நெற்றியில் தையல். குகநாதன் அண்ணன் பயந்துபோனார். பெட்டாலிங் ஜெயாவில் அவருடைய வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்து, கட்டில் கைப்பிடியெல்லாம் போட்டுவிட்டு வந்து கூப்பிட்டார். நல்ல மனிதர், தங்கைமேல் உயிர். தனியாக விட்டுவிட்டு இரவில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

நாகேஸ் மாட்டேன் என்றாள். என்னிடம் காரணம் சொன்னாள். "அங்க கேட்டுக்குள்ள கேட்டு, செல்வி. தெருவுல ஒரு காக்கா நடக்காது. அண்ணி தங்கமானவதான், என்னைக் கட்டில்ல வச்சுப் பாத்துக்குவா. ஆனா அங்க நான் நோயாளி. இங்க நான் நாகேஸ்." அண்ணனும் தங்கையும் பல வாரம் வாதாடி, கடைசியில் என் தலையில் போட்டார்கள். செல்வி வந்து சோதிக்கட்டும். தனியாக இருக்கலாம் என்று அவள் சொன்னால் இருக்கட்டும், முடியாது என்றால் அன்றே பெட்டி கட்டவேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலையில் நான் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாகேஸ் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "குட்ட நடை மட்டும் போடுடி" என்றாள் ரகசியமாக. "ஹால்லயே. போதும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இத்தன வருசம் நெட்ட நடை, நெட்ட நடைன்னு என் உசிர வாங்கினது யாரு?"

"நான்தான்."

"இப்ப?"

"இப்ப நடக்கிறது நானு" என்றாள். கண்ணில் நீர் கட்டி நின்றது. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

ஹாலில் குட்டை நடை போட்டோம். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பார்த்துத்தான் எங்களை வரச்சொல்லியிருந்தாள், கள்ளி. முதுகு நிமிர்ந்து, கை வீசி, திரும்பும்போதுகூடத் தடுமாறாமல் நடந்தாள். குகநாதன் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லயே! நல்லாத்தான நடக்கிறா? நாந்தான் தேவயில்லாம பயந்துட்டனோ?" என்றார். நான் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நினைத்தது நடந்துவிடும். பொய்கூட இல்லை, அவள் நடந்ததை அவரே பார்த்தார். ஆனால் அடுத்த மாதம் அவள் சாலை நடுவில் விழுந்து கிடந்தால்? ஒத்துப்போகாத ஆள் ஒருத்தர் வருவார் என்று அவள் சொன்னது என் காதில் கேட்டது. அந்த ஆள் அவளாகவே இருக்கவேண்டுமா, கடவுளே?

"செருப்பப் போடு. ரோட்டுக்கு வா" என்றேன்.

அவள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கமுடியவில்லை. "துரோகி" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அவள் வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோட்டு மளிகைக் கடை வரைக்கும்தான் அவளுடைய உலகம். அவள் முன்னால், நான் அரை அடி பின்னால், எனக்குப் பின்னால் அண்ணன். மக்சிக் ரொஹானா வீட்டு எதிரில் நின்றாள். பேரனுக்குக் காய்ச்சல் எப்படி என்று விசாரித்தாள். மக்சிக் விட்டது என்றார். நடந்தாள். லோரி ஓட்டுகிறவர் வீட்டு மாமரத்தடியில் நின்று, "இந்தத் தடவ பூ நல்லாப் பிடிச்சிருக்கே" என்று அவர் மனைவியிடம் சொன்னாள். நடந்தாள். காலடி சின்னதாகிக்கொண்டே வந்தது. தோள் முன்னால் சாய்ந்தது. மூன்றாவதாக நின்றது ஒரு பூட்டிய வீட்டின் எதிரில். பல மாதமாக ஆள் இல்லாத வீடு, கேட்டில் கொடி ஏறிக் கிடந்தது. நாகேஸ் அந்த கேட்டைப் பார்த்து, எங்களுக்குக் கேட்கும்படியாக, "யாரும் வீட்ல இல்ல போல" என்றாள்.

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "சாப்டியான்னு கேட்டுப் பாரேன்" என்றேன். அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும். நடு ரோட்டில் இரண்டு கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம், பார்த்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். நானும் அழுதேன். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கால் நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார். "போதும் செல்வி. பார்த்தாச்சு" என்றார் தழுதழுத்த குரலில். "பெட்டியக் கட்டச் சொல்லு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அண்ணே, அவ எவ்வளவு தூரம் நடந்தான்னு பார்த்தீங்க. எங்க நின்னான்னு பார்த்தீங்களா? மூணே எடம். அந்த மூணு எடத்துல உக்கார ஏதாச்சும் இருந்தா, கடைக்குப் போயிட்டு வந்துருவா. அன்னிக்கு விழுந்ததும் இந்த எடத்துலதான். நின்னு சமாளிக்கப் பார்த்து விழுந்திருக்கா. உக்கார முடிஞ்சா விழமாட்டா."

"ரோட்டுல நாற்காலி போட்டா வாழ்றது?" என்றார் அவர்.

"ஏன், கட்டில்ல வச்சா மட்டும் வாழ்றதா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரத்தில் மக்சிக் ரொஹானா தன் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் புரியாமல், நாகேஸ் கால் நடுங்கியதை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "டுடுக் லா, டுடுக்" என்று அவளை உட்காரவைத்தார். நாகேஸ் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து, யார் கையும் பிடிக்காமல், கடைவரைக்கும் நடந்துபோய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் கூடவே பின்னால் நடந்தார். நான் நடந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பக்கத்தில் போகாமல் பின்னாலேயே.

தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்றார் அண்ணன். அதற்குப் பிறகு மக்சிக்கின் நாற்காலி மக்சிக் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. லோரிக்காரர் மாமரத்தடியில் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டார். ஆளில்லாத வீட்டு எதிரில் யார் போடுவது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகநாதன் அண்ணனே பெட்டாலிங் ஜெயாவிலிருந்து காரின் பின்சீட்டில் ஒரு மர பெஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இறக்கிப் போட்டு, ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தார். அந்தத் தீபாவளி போய் இன்னொரு தீபாவளியும் வந்தது. நாகேஸ் தன் வீட்டிலேயே இருந்தாள். என்னைத் துரோகி என்று கூப்பிடுவதை மட்டும் கடைசிவரை விடவில்லை. போன் எடுத்தாலே, "என்னடி துரோகி, சாப்டியா?"தான்.

போன மாதம் ஒரு காலையில் வழக்கம்போல் நடந்துவந்து மக்சிக் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மக்சிக் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினாராம். விலைவாசி, பேரன், மழை என்று என்னென்னவோ. பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். இதயம் என்றார் டாக்டர். "தனியா விட்டுட்டனே" என்று குகநாதன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மக்சிக்தான் மலாயில் அவரிடம் சொன்னார். தனியாக இல்லை, நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன் என்று.

அவளைக் கொண்டுபோக வந்த வேனுக்கு அந்தத் தெருவில் திரும்ப இடமில்லை. மெயின் ரோட்டில் நின்றது. பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோனார்கள், முன்னால் இடது பக்கம் குகநாதன் அண்ணன். நாங்கள் பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். நான் பின்னால் நடந்தேன். மக்சிக் வாசலில், சிவப்பு நாற்காலிக்கு எதிரில், அண்ணன் நின்றார். மற்ற மூவரும் தோள் மாற்றத்தான் நிற்கிறார் என்று நினைத்து நின்றார்கள். தோள் மாற்றவில்லை. சும்மா நின்றார், பிறகு நடந்தார். மாமரத்தடியிலும் நின்றார். அப்போது எனக்குப் புரிந்தது. பூட்டிய வீட்டு எதிரில், அவர் கொண்டுவந்து போட்ட பெஞ்சுக்குப் பக்கத்தில், மற்றவர்களும் கேட்காமலே நின்றார்கள். அங்கே வாசலுக்கு வந்து கும்பிட ஆள் இல்லை. "யாரும் வீட்ல இல்ல போல" என்று நான்தான் சொன்னேன். அண்ணன் தோள் குலுங்கியது. பிறகு வேன்வரைக்கும் எங்கும் நிற்கவில்லை.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த அரை அடி இடைவெளிதான். ஒருவர் பின்னால் நடந்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. இன்னும் கொஞ்ச நாளில் நானும் வேலையை விட்டுவிடுவேன். அதுவரை காக்கி லீமாவில் நடப்பேன். நேற்று புது ஆள் ஒருவர் வந்தார். பக்கவாதம் வந்து தேறிய பெரியவர். அறைக்குள் பிரமாதமாக நடந்தார். வெளியே ஜவுளிக்கடை எதிரில் வந்ததும் நின்றார். மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பிச் சிரித்த முகமாக, "நீங்க சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

கடிகாரத்தை நிறுத்தவில்லை, நாகேஸ். ஜவுளிக்கடை நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "சாப்ட்டேன்யா, நீங்க?" என்றேன்.